பன்றிக் கொட்டிலில் ஓடிய டேப்

அந்தப் படத்தைப் பார்த்து மூன்று மாதம் ஆகப்போகிறது. நல்ல படம், பார்த்தோம், நாலு பேருக்குச் சொன்னோம் என்று விட்டுவிட முடியவில்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் அதில் வரும் மகனின் முகம் நினைவுக்கு வருகிறது. அவர் ஊர் ஊராக, நாடு நாடாகப் போகிறார். தன் அப்பாவோடு வேலை செய்த இசைக்காரர்களைத் தேடிப் பிடித்து, எதிரில் உட்கார்ந்து, என் அப்பா எப்படிப்பட்ட மனுஷன் என்று கேட்கிறார். அப்பா இறந்தபோது அவருக்கு வயது 13. பதில் சொல்கிறவர்களில் பலர், அவருடைய அப்பாவோடு அவரைவிட அதிக நேரம் ஒரே அறைக்குள் இருந்தவர்கள். இந்தக் கணக்குதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

படத்தின் பெயர் ‘கோனி பிளாங்க்: தி பொட்டென்ஷியல் ஆஃப் நாய்ஸ்’. 2017-இல் வந்தது. மகன் ஸ்டெஃபான் பிளாங்கும் ரெட்டோ காடுஃபும் சேர்ந்து எடுத்தது. எழுபதுகளின் ஜெர்மன் பரிசோதனை ராக் பற்றிப் பேசினால் நாம் வழக்கமாக நொய், க்ளஸ்டர், கான், ஃபாவுஸ்ட், ஆரம்பகால கிராஃப்ட்வெர்க் என்று குழுக்களின் பெயரை அடுக்குவோம். வாசித்தவர்களைப் பேசுவோம். இந்தப் படம் கேமராவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறது, மிக்ஸிங் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரிய உடம்பும் தாடியுமான ஒரு மனிதரிடம், ஒலிப்பதிவாளரும் தயாரிப்பாளருமான கோனி பிளாங்கிடம். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அவர் கை பட்டது என்பது எனக்கு முன்பே தெரியும், ரெக்கார்டு உறைகளின் பின்பக்கத்தில் பெயரைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கத்தில் இருக்கும் பெயர்களை நாம் எவ்வளவு வேகமாகக் கடந்துபோகிறோம் என்பது படம் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது.

எனக்கு ஏன் உறைத்தது என்பதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. இருபது வயதில் நாங்கள் மூன்று பேர் ஒரு பேண்ட் வைத்திருந்தோம். நான் பேஸ் கிட்டார். எங்களிடம் உருப்படியான பாட்டு என்று ஒன்றே ஒன்று இருந்தது. ஒரே ஒரு கார்டு, அதாவது ஒரே ஸ்வரக்கூட்டு, எட்டு நிமிடம், மெல்ல மெல்ல ஏறும், எங்கேயும் போய்ச் சேராது. அதை வாசிக்கும்போது எங்கள் மூன்று பேருக்கும் உடம்பு சிலிர்க்கும். மாசக்கணக்காகக் காசு சேர்த்து ஒரு ஸ்டுடியோவில் மூன்று மணி நேரம் எடுத்தோம். ஒலிப்பதிவாளர் நல்ல மனிதர்தான், கோபப்படவே இல்லை. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு மைக்கில், “தம்பி, பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் வாசித்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் வாசித்தோம். எட்டு நிமிடம் நான்கு நிமிடமானது. ஆம்ப்பின் இரைச்சல் துடைக்கப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டபோது அதில் ஒரு தப்பும் இல்லை, நாங்களும் இல்லை. பேண்ட் அந்த வருஷமே கலைந்தது.

பெயரைப் பிடிக்காத கூட்டம்

இந்த ஜெர்மன் இசைக்குக் கிராவுட்ராக் என்ற பெயரை உலகம் முழுக்கப் பரப்பியது பிரிட்டிஷ் பத்திரிகைகள். ‘கிராவுட்’ என்பது போர்க்காலத்தில் ஜெர்மானியர்களை இளக்காரமாகக் குறிக்கப் பயன்பட்ட சொல். ஃபாவுஸ்ட் அந்தப் பெயரையே எடுத்து 1973-இல் ஒரு நீண்ட பாட்டுக்கு வைத்துத் திருப்பி அடித்தார்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் பலருக்குக் கடைசிவரை அது பிடிக்கவில்லை. நியாயம்தான். அவர்கள் ஒரே ஊர்க்காரர்கள்கூட இல்லை. பெர்லினில் சிலர், டுசெல்டார்ஃபில் சிலர், கொலோனில் சிலர், ஒரு கிராமத்துப் பழைய பள்ளிக்கூடத்தில் ஃபாவுஸ்ட். இவர்களைச் சேர்த்துக் கட்டியது ஓர் ஒலியல்ல, ஓர் இல்லாமைதான் என்று நினைக்கிறேன். போரின்போதோ அதன் இடிபாடுகளிலோ பிறந்த பிள்ளைகள். அப்பாக்களின் காலத்தைத் தொட முடியாது. வானொலியைத் திறந்தால் ஷ்லாகர் என்ற சர்க்கரைப் பாகுப் பாட்டுகள். அது வேண்டாம் என்றால் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் பார்த்துக் காப்பியடிக்கலாம். நொய் குழுவின் கிட்டார்காரர் மிஷாயேல் ரோட்டர் அப்படிக் காப்பியடித்து வாசிக்கும் ஒரு பள்ளிக்காலக் குழுவில்தான் இருந்தார். ஒரு கட்டத்தில் அத்தனை புளூஸ் வாசிப்பையும் கையிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். மிச்சம் இருந்தவற்றில் ஒன்று கராச்சி. சின்ன வயதில், அறுபதுகளின் தொடக்கத்தில், குடும்பத்தோடு சில வருஷம் அங்கே இருந்தவர். ஆரம்பமும் முடிவும் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த ஊர் இசை தனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். நொய் கேட்கும்போதெல்லாம் இது எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

க்ளஸ்டர் குழுவின் ஹான்ஸ்-யோவாஹிம் ரோடேலியுஸின் கதை இன்னும் கனமானது. 1934-இல் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது நாஜிக் காலத்து சினிமாவில் நடித்தவர். வளர்ந்தபிறகு கிழக்கு ஜெர்மனியில் சிறையில் இருந்தவர். அப்புறம் மேற்கே வந்து மசாஜ் செய்து பிழைத்தவர். இசை படித்ததே இல்லை. 34 வயதை நெருங்கும்போதுதான் கான்ராட் ஷ்னிட்ஸ்லரோடு சேர்ந்து பெர்லினில் ஸோடியாக் என்ற இடத்தைத் தொடங்குகிறார். ஓர் அறை முழுக்க வெள்ளை, இன்னோர் அறை முழுக்கக் கறுப்பு, யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் தட்டலாம். சில மாதங்கள்தான் ஓடியது. அங்கிருந்து கிளம்பிய க்ளஸ்டர், ‘கே’ எழுத்தில் எழுதப்பட்ட முதல் க்ளஸ்டர், தன் முதல் ரெக்கார்டைப் போட்ட விதம் எனக்கு இன்றைக்கும் வியப்பு. கொலோன் அருகே கோடோர்ஃபில் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு, மேசையில் கோனி பிளாங்க். காசு கொடுத்தது தேவாலய இசை வெளியிடும் ஒரு நிறுவனம். ஒரு தேவாலய ஆர்கன் கலைஞர் நடுவில் நின்று பேசி முடித்துக்கொடுத்தார். ஒரே நிபந்தனை, ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் மத உரை ஒலிக்க வேண்டும். சரி என்றார்கள். ஆகவே அந்த ரெக்கார்டில், இரும்பை இரும்பால் உரசுவது போன்ற ஒலிக்கு மேலே ஒரு குரல் நிதானமாக இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும். அச்சடித்தது 300 பிரதிகள்.

நாலு நாள், ஒரு பாஞ்சோ

நொய் குழுவின் முதல் ரெக்கார்டு 1971 டிசம்பரில் ஹாம்பர்க்கில் பதிவானது. இருந்தது நாலே நாள். கிளவுஸ் டிங்கரும் ரோட்டரும் கிராஃப்ட்வெர்க்கிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார்கள். இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ரோட்டர் நிதானம், அமைதி. டிங்கர் எரிமலை. முதல் இரண்டு நாள் எதுவும் உருப்படியாக வரவில்லை. வாடகை ஸ்டுடியோவில் இரண்டு நாள் வீணாவது என்றால் என்ன என்பது, மூன்று மணி நேரத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த எனக்குத் தெரியும். கழுத்தில் வியர்க்கும். டிங்கர் ஒரு ஜப்பானிய பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு வந்தபிறகுதான் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில், இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல், மேசையில் பிளாங்க். அவர் இல்லாவிட்டால் நொய் நடந்தே இருக்காது என்று ரோட்டர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்த நாலு நாளில் வந்ததுதான் ‘ஹலோகாலோ’. பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, இருந்தாலும் ஒரு விஷயம் மட்டும். டிங்கரின் டிரம்ஸ் நேராகப் போகிறது. நாலு, நாலு, நாலு. எங்கேயும் திரும்பாது, எங்கேயும் ‘நான் இங்கே இருக்கிறேன் பார்’ என்று உருட்டிக் காட்டாது. பின்னால் விமர்சகர்கள் அதற்கு மோட்டோரிக் என்று பெயர் வைத்தார்கள், டிங்கருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, அவர் அபாச்சி பீட் என்று சொன்னார். காதில் மாட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டால் அது இயந்திரம் இல்லை என்பது தெரியும். ஹை-ஹேட் கொஞ்சம் திறந்து மூடும், அடி ஒரு மயிரிழை முன்னால் சாயும், வாசிப்பவனின் மூச்சு அதில் இருக்கிறது. மேலே ரோட்டரின் கிட்டார்கள் மேகம் மாதிரி வந்து போகின்றன, சில இடங்களில் பின்னாலிருந்து முன்னால் ஒலிக்கின்றன. டேப்பைத் திருப்பிப் போட்டு அதன்மேல் வாசித்தது. இத்தனை அடுக்கில் எந்தக் கணத்தில் எந்தக் கிட்டார் மேலே வரவேண்டும் என்பதை, கணினி எதுவும் இல்லாத காலத்தில், பிளாங்க் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கையால் மிக்ஸ் செய்தார். அந்த ஞாபகசக்தியைப் பற்றி ரோட்டர் இன்றைக்கும் வியந்து பேசுகிறார். இங்கேதான் எனக்கு என் ஸ்டுடியோ நினைவு குறுக்கே வந்தது. ஒருத்தர் நம் பத்து நிமிடத்தை மனப்பாடமாகக் கேட்டிருக்கிறார். எங்கள் எட்டு நிமிடத்தில் இரண்டு நிமிடத்துக்குமேல் யாருமே கேட்கவில்லை.

அடுத்த ரெக்கார்டில் காசு தீர்ந்துபோனது. 1973. பாதி ரெக்கார்டுதான் ஆகியிருந்தது. மிச்சப் பக்கத்தை நிரப்ப, ஏற்கனவே வெளியிட்டிருந்த ஒரு சிங்கிளை எடுத்து ரெக்கார்டு பிளேயரில் நிமிடத்துக்கு 16 சுற்று வேகத்திலும் 78 சுற்று வேகத்திலும் ஓடவிட்டுப் பதிந்தார்கள். வாங்கியவர்கள் ஏமாற்று வேலை என்று திட்டினார்கள். ஒரே பதிவை வெட்டி ஒட்டி, இழுத்துக் குறுக்கி, வேறு பதிவாக்குவது பிற்பாடு உலகம் முழுக்க ஒரு தொழிலாகவே ஆனது. அந்த இரண்டு பேரும் அதைத் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கையில் காசில்லை, நேரமில்லை, ஆனால் எதைச் செய்தாலும் முகம் சுளிக்காத ஒரு சூழல் இருந்தது.

சமையலறை

பிளாங்க் ஒரு தயாரிப்பாளரின் வேலையைப் பற்றிச் சொல்லிவைத்த ஒரு கருத்து உண்டு. தொழில்நுட்பமெல்லாம் அப்புறம். முதலில் பயமே இல்லாத, தயக்கமே இல்லாத ஒரு சூழலை உண்டாக்க வேண்டும், அதற்குள் சூதுவாது தெரியாத ஒரு கணம் வரும், அது வரும்போது சரியான நேரத்தில் பொத்தானை அழுத்திவிட வேண்டும் என்பது அதன் சாரம். இதைப் படித்திருந்தேன், அழகான வாக்கியம் என்று கடந்தும் போயிருந்தேன். படம்தான் அந்த வாக்கியத்துக்கு ஒரு வீட்டைக் காட்டியது. கொலோனுக்குத் தென்கிழக்கே வோல்பராத் என்ற கிராமம். பழைய பண்ணை வீடு. பன்றிகள் இருந்த கொட்டிலைத்தான் ஸ்டுடியோவாக மாற்றினார், 1974-இல். மிக்ஸிங் மேசையைக் கடையில் வாங்கவில்லை, மிஷாயேல் ட்ஸேல் என்ற நிபுணரோடு சேர்ந்து தன் கைக்குத் தகுந்த மாதிரி கட்டிக்கொண்டார். முற்றத்தைத் தாண்டினால் வீடு. வீட்டில் நடிகையாக இருந்த கிறிஸ்டா ஃபாஸ்ட், பிளாங்கின் வாழ்க்கைத்துணை, பெரிய சமையலறையில் அத்தனை பேருக்கும் சமைக்கிறார். வந்தவர்கள் வேலை முடித்துவிட்டு ஹோட்டலுக்குப் போவதில்லை. அந்த மேசையில்தான் சாப்பாடு, அங்கேயேதான் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம். அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் சிறுவன் ஸ்டெஃபான் வளர்கிறான்.

அந்தக் கொட்டிலுக்கு யார் யாரெல்லாம் வந்தார்கள் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. கிராஃப்ட்வெர்க்கை ‘ஆட்டோபான்’ வரை, முதல் நான்கு ரெக்கார்டுகளுக்கும், செதுக்கியவர்களில் ஒருவர் அவர். அதன் 22 நிமிடத் தலைப்புப் பாட்டின் சுருக்கம் அமெரிக்காவில் ஓடி, ரெக்கார்டு அங்கே ஐந்தாம் இடம்வரை போனது. அதற்குப் பிறகு அவர்கள் அவரோடு வேலை செய்யவில்லை. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ க்ளஸ்டரோடு வாசிக்க அங்கே வந்தார், 1978-இல் டீவோ என்ற அமெரிக்கக் குழுவின் முதல் ரெக்கார்டை அதே கொட்டிலில் தயாரித்தார். யூரித்மிக்ஸின் முதல் ரெக்கார்டு அங்கேதான், கான் குழுவின் ஹோல்கர் சுகாயும் யாகி லீபெட்ஸைட்டும் அதில் வாசித்தார்கள். அல்ட்ராவாக்ஸ், டிஏஎஃப், இத்தாலியிலிருந்து ஜியானா நன்னினி என்று போகும் வரிசை. பணம் கொழிக்கும் ஆட்களிடம் வாங்கிய கூலியில், காசே இல்லாத பையன்களுக்கு ஸ்டுடியோவைத் திறந்துவிட்டார்.

எனக்குப் படம் திரும்பியது ஒரே ஒரு இடத்தில். ஹூடினி என்ற புரூக்ளின் ராப் குழு. எண்பதுகளின் தொடக்கம், ராப் என்றால் என்ன என்று பெரிய உலகத்துக்கே தெரியாத நேரம். அந்தப் பையன்களைக் கம்பெனி வோல்பராத்துக்கு அனுப்பிவைக்கிறது. அவர்களின் 1983 முதல் ரெக்கார்டில் சில பாட்டுகள் பிளாங்க் கையில் உருவானவை. அறிவுக்கணக்கில் இது ஓர் அழகான வட்டம். கிராஃப்ட்வெர்க்கின் ஒலியை எடுத்துத்தான் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி 1982-இல் ‘பிளானெட் ராக்’ என்ற பாட்டைச் செய்தது, அந்த ஒலியின் தொட்டில் இருந்த இடத்துக்கே அடுத்த வருஷம் ராப் போய்ச் சேர்ந்தது. விமர்சனங்களில் இப்படித்தான் எழுதுவார்கள், நானும் அப்படித்தான் எழுதத் தயாராக இருந்தேன். ஆனால் படத்தில் அவர்கள் பேச ஆரம்பித்ததும் ஒலியும் வட்டமும் பின்னால் போய்விடுகிறது. இப்போது வயதாகிவிட்ட அந்த ஆட்கள், தங்களுக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதையைப் பற்றி அவ்வளவு நெகிழ்ந்து பேசுகிறார்கள். ஒரு ஜெர்மன் கிராமத்தில் இரண்டு கறுப்பு இளைஞர்களை ஒருத்தர் உட்காரவைத்து, நீங்கள் செய்வது என்ன என்று நிஜமாகவே கேட்டிருக்கிறார். எதிரில் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மனிதரின் மகன். அவர் முகத்தைப் பாருங்கள். பெருமை இருக்கிறது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது.

அந்த இன்னொன்றுதான் நான் மூன்று மாதமாகச் சுமந்துகொண்டிருப்பது. எல்லாரும் பயமில்லாமல் இருக்க ஓர் அறை கட்டினார் அந்த அப்பா. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? இரவு பகல். வந்த ஒவ்வொருத்தரின் பயமும் கரையும்வரை உட்கார வேண்டும். மகன் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அப்பா தூங்கப் போயிருப்பார். 1987 டிசம்பரில் புற்றுநோயில் போய்விட்டார், 47 வயது. கிறிஸ்டா ஸ்டுடியோவை விடாமல் நடத்தினார். 2006-இல் அவரும் போனபிறகு அந்த இடம் கலைந்தது, கைக்குத் தகுந்த மாதிரி கட்டிய அந்த மேசை லண்டனுக்குப் போனது. மகனிடம் மிஞ்சியது டேப்புகளும், அப்பாவை நன்றாகத் தெரிந்த அந்நியர்களும். நிலத்தடி இசை, விட்டுச்சென்ற தடம், தாக்கம் என்றெல்லாம் நாம் பேசும்போது, இந்த வீட்டுக்கணக்கை யாரும் எழுதுவதில்லை. படம் எடுக்க அவர் கிளம்பியதும் சரியான நேரம்தான். டிங்கர் 2008-லேயே போய்விட்டார், க்ளஸ்டரின் மோபியுஸ் 2015-இல். படம் வெளிவந்த அதே 2017-இல் ஜனவரியில் லீபெட்ஸைட், செப்டம்பரில் சுகாய். இன்னும் கொஞ்சம் காலம் தள்ளியிருந்தால் கேட்பதற்கு ஆளே இருந்திருக்காது.

தாக்கம் என்ற சொல்லில் எனக்கு இப்போது முன்புபோல ஈடுபாடு இல்லை. நொய் ரெக்கார்டுகள் டிங்கரும் ரோட்டரும் ஒத்துப்போகாததால் 2001 வரை முறையாக சிடியில் வரவே இல்லை, அதுவரை திருட்டுப் பதிப்புகளில் கைமாறித்தான் கேட்டார்கள். அதையும் மீறி அந்த டிரம்ஸ் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு எந்த இளம் குழுவும் அந்த நாலு-நாலு அடியை ஒரு மத்தியானத்தில் பழகிவிடலாம். ஒலியைக் காப்பியடிப்பது சுலபம். காப்பியடிக்க வேண்டாம் என்று கிளம்பியவர்களின் ஒலியைக் காப்பியடிக்கிறோம் என்பது இருக்கட்டும், அந்த ஒலி பிறந்த அறையை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வியை ஊருக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன், எனக்கு நானே கேட்டுக்கொள்ள ஒரு மாசம் ஆனது.

பழைய ஹார்ட் டிஸ்க்

நாலு வருஷத்துக்கு முன்னால் நண்பனின் மகன் என்னிடம் வந்தான். பதினேழு வயது. நான் வீட்டில் ஓர் அறையில் இரண்டு மைக், ஒரு சின்ன மிக்ஸர், கணினி என்று வைத்திருக்கிறேன், தொழிலுக்கு இல்லை, ஆசைக்கு. அவன் கிட்டாரில் ஒன்று கண்டுபிடித்திருந்தான். ஒரே ஒரு சின்னத் துண்டு, அதையே சுற்றிச் சுற்றி வாசிப்பான், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்வரம் மட்டும் இடம் மாறும். அதைப் பதிவு செய்துகொடுங்கள் மாமா என்று கேட்டான். நான் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். தாளம் பிசகாமல் இருக்க அவன் காதில் கிளிக் சத்தம் போட்டேன். வேகம் பிடிபடவில்லை என்றதும் இன்னொரு தடவை, விரல் வழுக்கியது என்று இன்னொரு தடவை. பதினான்கு டேக். நடுவில் ஓர் இடத்தில், “இது ரொம்ப நேரம் ஒரே மாதிரி போகுதுடா, ஏதாவது வர வேண்டாமா?” என்று கேட்டேன். அன்பாகத்தான் கேட்டேன். பதினான்காவது டேக்கை வெட்டி ஒட்டி, நேராக்கி, மூன்று நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். நன்றி மாமா என்று வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பதிவு செய்ய வரவில்லை. படிப்பில் மும்முரமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, ஹூடினி பேசும் பகுதியை இரண்டாம் தடவை பார்த்துக்கொண்டிருந்தபோது, படத்தை நிறுத்திவிட்டு எழுந்தேன். நான் அவனிடம் கேட்டது என் ஒலிப்பதிவாளர் எங்களிடம் கேட்ட அதே கேள்வி. வார்த்தைதான் வேறு. இருபது வருஷம் எனக்குள் காயமாக இருந்ததை அப்படியே எடுத்து ஒரு பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன், கொடுத்தது தெரியாமலே. அன்றைக்குத் தூங்கவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து மாட்டினேன். அந்த நாளின் கோப்புகள் அழியாமல் இருந்தன. டேக் ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் பெயர் வைத்திருந்தேன். அதற்கு முன்னால் பெயரே இல்லாத ஒரு கோப்பு, ஆறு நிமிடம் பத்து விநாடி. மைக் அளவைச் சரிபார்க்கும்போது பதிவுப் பொத்தானை அழுத்தி அப்படியே விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன்.

நாற்காலி இழுபடும் சத்தம். மின்விசிறி. அவன் தொண்டையைச் செருமுகிறான். “மாமா, இது டிரையல்தானே?” தூரத்தில் என் குரல், “டிரையல்தான், நீ பாட்டுக்கு வாசி.” அப்புறம் அந்தத் துண்டு ஆரம்பிக்கிறது. வேகம் முதலில் கொஞ்சம் தடுமாறி, தானாக ஓர் இடத்தில் போய் நிற்கிறது. ஒரு ஸ்வரம் மாறுகிறது. மறுபடி சுற்று. இரண்டு நிமிடம் தாண்டியதும் அவன் என்னை மறந்துவிட்டது தெரிகிறது, காலால் தரையைத் தட்டுகிறான், அந்தத் தட்டல் மைக்கில் மெல்ல விழுகிறது. நாலாவது நிமிடத்தில் விரல் வழுக்கி ஒரு தப்பான ஸ்வரம் விழுந்தது. அவன் நிறுத்தவில்லை. அடுத்த சுற்றில் அதே தப்பை வேண்டுமென்றே வைத்து வாசித்தான், அதற்கடுத்த சுற்றிலும். கூடவே வாய்க்குள் முனகுகிறான், சொல் இல்லை, வெறும் முனகல். ஆறாவது நிமிடத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. நான்தான். “சரி, இப்ப ரெக்கார்டிங் போலாமா?”

இரைச்சலைத் துடைக்காமல், முன்னால் நாற்காலிச் சத்தத்தையும் பின்னால் என் குரலையும் வெட்டாமல், அப்படியே அவனுக்கு அனுப்பினேன். கூட என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் நாலு வருஷம் முன்னால் இதைத்தான் கொடுத்திருக்க வேண்டும், மன்னிச்சிரு என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. “அந்த நாலாவது நிமிஷத்துக்கு அப்புறம் எப்படி வாசிச்சேன்னு மறந்தே போச்சு மாமா. இப்ப திரும்பக் கத்துக்கிட்டிருக்கேன்.”